குடை வண்டி

1

என் பேரனுக்கு நான்கு வயது. போன வாரம் எங்கள் கார் ஷெட்டில் நின்றுகொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். ‘தாத்தா’ மட்டும் தமிழ், மீதியெல்லாம் ஆங்கிலம். “தாத்தா, இதைக் குடை வண்டின்னு சொல்றாங்களே, குடை எங்கே?”

அவன் காட்டியது குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு சின்ன வண்டி. ஸ்ட்ரோலர் என்று இப்போது நம் ஊரிலும் சொல்கிறார்களாம். அதில் இந்தச் சின்ன வகைக்கு இங்கே அமெரிக்காவில் அம்ப்ரெல்லா ஸ்ட்ரோலர் என்று பெயர். வெயிலுக்கோ மழைக்கோ அதில் குடை இருப்பதில்லை. மடக்கினால் குடையைப்போல ஒடுங்கிவிடும். வளைந்த கைப்பிடியைக் கையில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். பெயர் அதனால் வந்தது. இதைத்தான் பேரனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எதையோ தேடுகிறவன் மாதிரி அலமாரியைத் திறந்து மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

என் மகள் ஷீலாவும் மருமகனும் இரண்டு குழந்தைகளோடு அடுத்த மாதம் ஃப்ளோரிடாவுக்குப் போகிறார்கள். அங்கே ராட்டினங்களும் பொம்மைக் கோட்டைகளுமாக ஊர் அளவுக்கு ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. காலையில் நுழைந்தால் இருட்டும்வரை நடக்க வேண்டும். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே போகிறவர்களுக்கு முதல் கவலை டிக்கெட் இல்லை, எந்த ஸ்ட்ரோலரைக் கொண்டுபோவது என்பதுதான். எங்கள் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு பல நாட்களாக ஓடியது. பெரியது என்றால் குழந்தை படுத்துத் தூங்கும், மேலே நிழல் உண்டு, கீழே பை வைக்க இடம் உண்டு. ஆனால் கனம், மடக்குவது பாடு. சின்னது லேசு. அதில் குழந்தை தூங்கினால் தலை தொங்கும், கைப்பிடியில் பையை மாட்டினால் வண்டி மல்லாந்துவிடும். அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம் என்றார் மருமகன். அது பலகை மாதிரி இருக்கும் என்று ஷீலா மறுத்துவிட்டாள்.

கடைசியில் என் பக்கம் திரும்பினாள். “அப்பா, நான் குட்டியா இருக்கறப்போ என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்களே, அப்போ எந்த ஸ்ட்ரோலரைக் கூட்டிட்டுப் போனீங்க?”

வண்டியையும் மனிதரைப்போலக் ‘கூட்டிட்டு’ப் போகும் தமிழ் அவளுடையது. நானும் என் மனைவி லில்லியும் திருத்தித் திருத்தி அலுத்துப்போய், பேசுகிறாளே அது போதும் என்று விட்டுவிட்டோம்.

“பெரியதை” என்றேன்.

“நல்லா இருந்ததா?”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். ஆரணியின் தெருக்கள் உங்களுக்குத் தெரியும். அவளுக்கு நான் தெருவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

2

எங்கள் அப்பா ஆரணியில் மிஷன் பள்ளி ஆசிரியர். நானும் ஞானம் அக்காவும்தான் பிள்ளைகள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞாயிறு பள்ளிக்குப் போனவள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பொறியியல் முடித்து அமெரிக்கா வந்தேன். அக்கா ஆரணியிலேயே வாழ்க்கைப்பட்டாள். அவள் வீட்டுக்காரருக்குக் களம்பூர் அரிசி மில்லில் கணக்கு வேலை. விடிந்தும் விடியாமல் சைக்கிளில் புறப்பட்டால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்.

அவர்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவன் பாபு. இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இரண்டு கால்களின் பலத்தையும் கொண்டுபோயிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் காலுக்கு இரும்புப் பட்டை கட்டி, பூட்ஸ் கொடுத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வாசல்வரை வருவான். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி கிடைக்கும், ஆனால் கையில் வலு ஏற வேண்டும், இன்னும் சில வருடம் போகட்டும் என்றார்களாம். அதுவரை அவனுக்குக் கால் அக்காவின் இடுப்புதான்.

ஷீலா கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் ஆரணிக்குப் போனோம். அப்போது பாபுவுக்கு ஐந்து வயது. கிணற்றடி, மளிகைக் கடை, ஆலயம் என்று எங்கே போனாலும் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டே போனாள். அவள் இடது பக்கமாகச் சாய்ந்து நடப்பதை முதல் நாளே கவனித்தேன்.

“இன்னும் எத்தினி வருசத்துக்கு அக்கா இவனத் தூக்கிகினு திரிவ?”

“தூக்க முடியறவரிக்கும் தூக்கறேன். அப்பால கர்த்தர் பாத்துக்குவாரு. நீ ஏன் பேஜார் ஆவுற?”

“பள்ளிக்கூடம்?”

பள்ளி ஊரின் மறுகோடியில் இருந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். வழியில் தடுக்கி இருவரும் சாக்கடை ஓரத்தில் விழுந்ததுதான் மிச்சம். தினமும் ரிக்ஷா வைத்துக்கொள்ள அவர்களுக்கு வசதி இல்லை.

“அமெரிக்காவுல ஒரு வண்டி இருக்குது அக்கா. உக்கார வெச்சி, ஒரு கையால தள்ளிகினு போலாம். இவன் வயசுப் பசங்களயும் தாங்கும். நான் அனுப்பறேன்.”

பாபு அவள் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்தான். “ஹாரன் இருக்குமா மாமா?”

“ஹாரன் இல்லடா.”

“அப்ப வழில நிக்கறவங்கள இன்னா சொல்லி நவுரச் சொல்றது?”

“உங்கம்மா தொண்ட ஒண்ணு போதாதா?” என்றேன். அக்கா என் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

திரும்பி வந்ததும் சொன்ன வண்டியை வாங்கினேன். பெரியது. சைக்கிள் சக்கரத்தின் தங்கச்சி மாதிரி நான்கு சக்கரங்கள். அகலமான இருக்கை, கால் வைக்கப் பலகை, மேலே நீல நிறத் துணிக் கூரை. ஊருக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்கும்வரை ஷீலாவை அதில் வைத்துத் தள்ளினோம். அவள் சிவப்புத் தொப்பியோடு பனியில் அதில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை, ‘இதுதான் பாபுவுக்கு வரப்போகும் வண்டி’ என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினேன்.

அக்கா அந்தப் படத்தைப் பள்ளித் தலைமையாசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வண்டியா? அப்ப இன்னா கவலை? ஜூன்ல கூட்டிகினு வா. வராந்தாவுல நிறுத்திக்கலாம்” என்றாராம். அதற்குள் பாபுவுக்கு ஏழு வயது ஆகிவிட்டிருந்தது.

3

அந்த ஜூன் மாதத்தில்தான் நாங்கள் ஃப்ளோரிடா போவதாக இருந்தோம்.

என்னோடு வேலை செய்த வேலூர் நண்பர் ஒருவர் மே கடைசியில் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தது. வண்டியை எடுத்துப்போக முடியுமா என்று கேட்டேன். “பெரிய வண்டிதானே, அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுங்கள். எனக்கு இன்னொரு பெட்டி போட அனுமதி இருக்கிறது” என்றார். ஆகவே கொண்டுபோக ஆள் இல்லை என்று நான் சொல்ல முடியாது.

அதே வாரம் ஒரு பிறந்தநாள் விருந்து. பூங்காவுக்குப் போய்வந்த நம்மவர்கள் சிலர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். “சின்ன ஸ்ட்ரோலரைக் கொண்டுபோய்விடாதீர்கள், நாங்கள் பட்ட பாடு போதும்” என்றார் ஒருவர். மத்தியானத்தில் குழந்தை தூங்க வேண்டும், ஃப்ளோரிடா வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை, நிழல் இல்லாத வண்டியில் குழந்தை வாடிவிடும் என்றார்.

எங்களிடம் சின்னது ஒன்றும் இருந்தது. கடைத்தெருவுக்கு எடுத்துப்போக வாங்கிய குடை வண்டி. கோடு போட்ட துணி இருக்கை, விரலளவு அகலத்தில் ரப்பர் சக்கரங்கள், இடுப்புயரத்துக்கும் குறைந்த கைப்பிடி.

அன்று மாலை வீட்டு முன்னறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். லில்லி குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன யோசனைங்க? பெரியதை அக்காவுக்குக் கட்டுங்க. நமக்கு இது போதும்.”

“வெயில்ல ஷீலாவுக்கு நிழல் வேணுமே.”

“ஒரு தொப்பி போட்டா ஆச்சு.”

“தூங்குவாளே.”

“என் தோள்ல தூங்குவா. ஏங்க, அக்கா அந்தப் படத்தைப் பள்ளிக்கூடம்வரைக்கும் காட்டியிருக்காங்க.”

“சின்னதும் வண்டிதானே. தள்ளினா ஓடத்தானே போகுது? பெரியதை அப்புறமா அனுப்பிடலாம்.”

லில்லி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு துணியை மடிக்கத் தொடங்கினாள்.

இன்னொரு பெரிய வண்டி வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாங்கியிருக்கலாம். கையில் பணம் இல்லாத காலம் இல்லை அது. தோன்றவில்லை, அவ்வளவுதான். எதற்காகத் தோன்றவில்லை என்பதைப் பல வருடம் யோசித்துவிட்டேன். என் குழந்தைக்கு வேண்டியது அவசரம், அக்காவின் குழந்தைக்கு வேண்டியது உதவி என்று மனதுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. உதவியைத் தள்ளிப்போடலாம். சின்னதாகவும் செய்யலாம். செய்தவன் நல்லவனாகவே இருப்பான்.

சின்ன வண்டியை மடக்கி, பழைய போர்வையில் சுற்றி, வேலூர் நண்பரிடம் கொடுத்தேன். “பெரியதுன்னு சொன்னீர்களே” என்றார். “இதுதான் தூக்க வசதி, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்” என்றேன். எனக்கு நன்றி சொன்னார்.

4

அக்காவுக்குத் தகவல் சொல்லப் போன் போட்டேன். அவள் வீட்டில் போன் கிடையாது. அடுத்த தெருவில் ஒரு பட்டுச்சேலை வியாபாரி வீட்டு எண்ணைத்தான் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தாள். ஆபரேட்டரிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்குச் சனிக்கிழமைக் காலை, அங்கே மாலை. இரைச்சலுக்கு நடுவே வியாபாரியின் மனைவி கத்துவது முதலில் கேட்டது. “ஞானம்மா! அமெரிக்கா போனு! ஜல்தி வாம்மா!” பிறகு ஓடி வந்த மூச்சிரைப்பு. அந்த மூச்சிரைப்பில் பாபுவின் கனமும் சேர்ந்திருந்தது. அவனையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

“தம்பி, நல்லாகீறியா? கொழந்த நல்லாகீதா? லில்லி நல்லாகீதா?”

“எல்லாம் நல்லாருக்கோம் அக்கா. வண்டி அனுப்பியிருக்கேன். வேலூர்க்காரர் ஒருத்தர் கொண்டாந்து குடுப்பார்.”

“இன்னா? காதுல வியல! சத்தமா சொல்லு!”

“வண்டி! வண்டி வருது!”

“எந்த வண்டி?”

சின்ன வண்டி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதன் ஆங்கிலப் பெயர் நாக்கில் நின்றது. அதை அப்படியே தமிழாக்கிக் கத்தினேன்.

“குடை வண்டி அக்கா! குடை வண்டி!”

இரைச்சலைத் தாண்டி அவள் சிரிப்பு. “போட்டாவுல கீதே, நீலக் குடை போட்டது, அதானே! டேய் பாபு, குடை வண்டி வருதுடா! மாமா அனுப்பிட்டாரு!” அங்கே பாபு ஏதோ கூவினான். வியாபாரி வீட்டார் யாரோ சிரித்தார்கள். அக்கா மறுபடியும் போனுக்கு வந்தாள். “தம்பி, மேல குடை இருக்குமில்ல? இங்க வெயிலு கொளுத்துது. பள்ளிக்கூடம் போறதுக்குள்ள புள்ள கருகிப்பூடுவான்.”

“ம்” என்றேன்.

ஆபரேட்டர் குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்றாள். போன் அறுந்தது.

அவள் எதை நினைத்துக்கொண்டாள் என்பது அந்தக் கணமே எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் லில்லி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“பெரியதுன்னு நெனச்சுக்கிட்டாங்களா?”

“தெரியல” என்றேன்.

‘ம்’ என்றால் ஆமாம் என்று பொருளில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். கதை கேட்கும் பிள்ளை ‘ம்’ கொட்டுகிறதே, ஆமோதிக்கவா செய்கிறது? கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்பதற்கு நாம் ‘ம்’ என்போம். எனக்குப் புரிந்தது என்பதற்கும் ‘ம்’ என்போம். இஷ்டமில்லாததற்கும் அதுவேதான். தமிழில் இத்தனை வசதியான எழுத்து வேறு இல்லை. வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

5

இரண்டு நாள் கார் ஓட்டி ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்தோம். அப்போது ஜூன் இரண்டாம் வாரம். ஆரணியில் பள்ளி திறந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கார் நிறுத்தும் இடத்திலிருந்து பூங்கா வாசலுக்குத் திறந்த வண்டித் தொடர் ஒன்றில் ஏற்றிப் போவார்கள். ஸ்ட்ரோலரை மடக்கினால்தான் ஏற்றுவார்கள். பெரியது எனக்கு மடங்கவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து காலால் ஒரு கம்பியைத் தட்டினார். மடங்கிவிட்டது.

உள்ளே போனதும் ஷீலா அதில் உட்கார மறுத்தாள். இரண்டு வயதுக்காரிக்கு எல்லாவற்றையும் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். உட்கார வைத்தால் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினாள். கடைசியில் என் தோளில் ஏறிக்கொண்டாள். நான் தோளில் குழந்தையோடு முன்னால் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

“வெறும் வண்டியைத் தள்ளாதீங்க. வெறும் தொட்டிலை ஆட்டற மாதிரி. புள்ளைக்கு ஆகாது” என்றாள் லில்லி. படித்தவள், சபையில் பாட்டு நடத்துகிறவள், அவளும் இதை விடவில்லை. கட்டுச்சாதப் பையை எடுத்து இருக்கையில் வைத்தாள். நாள் முழுவதும் நீலக் கூரையின் நிழலில் தயிர்சாதம் சவாரி செய்தது. ஷீலா என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வந்தாள். தூக்கம் வந்தபோது லில்லியின் தோளில்தான் தூங்கினாள்.

பிற்பகலில் ஒரு படகுச் சவாரிக்கு வரிசையில் நின்றோம். ஸ்ட்ரோலர்களை வெளியே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தபோது எங்களுடையது அங்கே இல்லை. யாரோ தங்களுடையது என்று தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஒன்றுபோல எத்தனையோ நின்றன.

தொலைந்த பொருள் அலுவலகத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். பதற்றத்தில் எனக்கு ஸ்ட்ரோலர் என்ற சொல்லே மறந்துவிட்டது. குழந்தை வண்டிக்கு ஆரணியில் ஆங்கில வாத்தியார் பிரம்பால் அடித்து எழுதவைத்த சொல்தான் வந்தது. “என் பெரம்புலேட்டரைக் காணவில்லை” என்றேன். அவள் ஏதோ வைத்தியக் கருவி என்று நினைத்துக்கொண்டு முதலுதவி அறைக்கு வழி காட்டினாள். லில்லி குறுக்கிட்டுத் திருத்தினாள். விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள். நிறம், உயரம், அடையாளம். ‘வண்டியில் குழந்தை இருந்ததா, என்ன இருந்தது’ என்று ஒரு கேள்வி. காலிச் சாதப் பை என்று எழுதினேன்.

வண்டி கிடைக்கவேயில்லை. பெரியதை அப்புறம் அனுப்பலாம் என்று சொன்னேனே, அந்த அப்புறம் அந்தத் தாளோடு முடிந்தது. வீடு திரும்பியபின் மறுபடி ஒன்று வாங்கி அனுப்பவில்லை. அக்காவிடமிருந்து இதற்குள் வான்தபால் வந்திருந்தது. ‘வண்டி வந்து சேர்ந்தது. ரொம்ப நன்றாக இருக்கிறது. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.’ அதை அப்படியே நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

6

மூன்று வருடம் கழித்து ஆரணிக்குப் போனோம். அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் ஷீலா கை நீட்டி, “மை ஸ்ட்ரோலர்!” என்று கத்தினாள். வீட்டுச் சுவரில், மழைக்குடை மாட்டியிருந்த ஆணிக்கு அடுத்த ஆணியில், கோடு போட்ட துணியோடு அது மடங்கித் தொங்கியது. எங்கள் ஆல்பத்தில் தன்னை அதில் பார்த்திருக்கிறாள்.

“ஆமாண்டி கண்ணு, உன்னுதுதான். எட்த்துக்கோ” என்று அக்கா எட்டிக் கழற்றிக் கொடுத்தாள். ஷீலா அதில் தன் பொம்மையை உட்காரவைத்துக் கூடத்தில் தள்ளினாள். சக்கரங்கள் புதிதாகவே இருந்தன.

“பாபு இதுல போறதில்லையா அக்கா?”

அக்கா சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “அத்த ஏன் கேக்கற? மொத நாளு பவுடர் போட்டு, தல வாரி, உக்கார வெச்சிகினு கெளம்பறேன். அவன் காலு ரெண்டும் தரையில இழுத்துகினு வருது. இவ்ளோண்டு கொழந்தைக்கில்ல செஞ்சது இது? காலத் தூக்கித் துண்டால கட்டினேன். நம்ம தெருவுல பாவு போட்டிருந்தாங்க.”

பாவு என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் தெருவை அடைத்துக்கொண்டு பட்டு நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள். நடப்பவர்களுக்கு இருப்பது சாக்கடை ஓரமாக ஒரு சாண் வழிதான்.

“ஓரமா போனா இந்தச் சக்கரம் கல்லு இடுக்குல மாட்டிக்குது. இழுத்தா வண்டி சாஞ்சிடுது. நூல் மேல வுழுந்தா எவன் வூட்டுப் பட்டு? நெசவுக்காரங்க நல்லவங்க, ரெண்டு பேரு வந்து புள்ளயோட வண்டிய அலாக்கா தூக்கி அந்தாண்ட வெச்சாங்க. பசங்க சும்மா இருக்குங்களா? நான்தான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிகீறனே, குடை வண்டி வருது, குடை வண்டி வருதுன்னு. பின்னாலயே வந்துகினு, ‘டேய், குடை எங்கடா? குடை எங்கடா?’ன்னு. மறுநாளும் அதே கூத்து. மூணாம் நாளு நான் ஏறமாட்டேன்னுட்டான். அட்ச்சிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். இதுல மட்டுமில்ல, எதுலயும் ஏறமாட்டேன்னுட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, வூட்லயே கெடந்தான். போன வருசம்தான் ஆஸ்பத்திரில மூணு சக்கர வண்டி குடுத்தாங்க. இப்பப் போறான். ஒண்ணாங்கிளாஸ் பசங்களோட.”

பத்து வயதில், ஒன்றாம் வகுப்பில்.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவள் அப்போது சொன்னது, இந்த வயதிலும் என்னை எழுப்பி உட்காரவைக்கும் வார்த்தைகள். “நீ ஏன் தம்பி மூஞ்ச அப்டி வெச்சிகினுகீற? எனக்கு இங்கிலீசு தெரியாததால வந்த தப்பு. மடிச்சா குடை மாதிரி, அதனால குடை வண்டின்னு வேலூர்க்காரரு சொன்னப்புறம்தான் எனக்கே வௌங்குச்சி. நீ சரியாத்தான் சொல்லிகீற. நான்தான் மேல குடைன்னு நெனச்சிகினு ஊரக் கூட்டிட்டேன். பாவம், நீ இன்னா பண்ணுவ?”

அவள் ‘மேல குடை இருக்குமில்ல’ என்று கேட்டதை மறந்திருந்தாளா, மறந்ததாக வைத்துக்கொண்டாளா, தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, தப்பு உன்னுடையது இல்லை, நீ கேட்டாய், எனக்குத் தெரியும், பெரியதை என் பிள்ளைக்கு வைத்துக்கொண்டேன் என்று. லில்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம்” என்றேன்.

மாலையில் பாபு மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கினான். தெருவில் பையன்கள் “குடை! நாளைக்கு வந்துடு குடை!” என்று கத்திவிட்டுப் போனார்கள். ஷீலா அவனிடம் ஆங்கிலத்தில் பெயர் கேட்டாள். அவன் அந்த ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டான். “குடை பாபு” என்றான். ஊரில் இரண்டு பாபு இருந்தார்களாம். அடையாளத்துக்கு அது வசதியாகப் போய்விட்டது.

7

பாபு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்தது போதும் என்றானாம். பிற்பாடு பஸ் ஸ்டாண்டு அருகே எஸ்.டி.டி. பூத் வைத்தான். இப்போது அது ஜெராக்ஸ் கடை. பலகையில் ‘குடை ஜெராக்ஸ்’ என்றே எழுதியிருக்கிறான். கல்யாணம் செய்தான், ஒரு மகளைப் படிக்கவைத்தான். அவனைப் பரிதாபத்துக்குரியவனாக நான் எழுத முடியாது, எழுதினால் சிரிப்பான். ஆனால் கணக்கில் அவன் புலி. அரிசி மில் கணக்கை அப்பாவுக்கு வாயால் கூட்டிச் சொன்னவன். அவன் வேறு என்னவாகியிருப்பான் என்று நான் யோசிக்காமல் இருந்ததில்லை.

அக்கா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. குடியுரிமை மாற்றிக்கொண்டவன், பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டியிருந்தது. ‘பயணத்தின் காரணம்’ என்ற இடத்தில் ‘அக்கா’ என்று எழுதினேன். காரணத்தைச் சரியாக எழுதுங்கள் என்று ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளினார். விசா கிடைத்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவள் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே போனாள். அடுத்த வருடம் லில்லியும் போய்விட்டாள். அந்த ‘ம்’மைக் கேட்டவர்களில் நான் மட்டும் மிச்சம்.

நேற்று ஷீலா முடிவுக்கு வந்துவிட்டாள். காபி குடித்துக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னாள். “அப்பா, நாங்க சின்னதையே எடுத்துட்டுப் போறோம். பெரியது சர்ச்ல ஒரு ஃபேமிலிக்கு வேணுமாம், குடுத்துட்டேன். நமக்கு எப்படியும் ஓடிடும்.”

அவ்வளவுதான். அவளுக்கு அது ஒரு முடிவாகக்கூடத் தோன்றவில்லை. லில்லியின் பெண்.

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆரணிக்குப் போன் செய்தேன். இப்போது ஆபரேட்டரும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் தாளைத் தள்ளும் ஓசைகூடக் கேட்டது.

“இன்னா மாமா, நேத்துதானே பேசினீங்க? ஒடம்பு நல்லாகீதில்ல?”

“நல்லாருக்கேன்டா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கடையில யாராவது இருக்காங்களா?”

“ஒருத்தரு ஆதார் காப்பி எடுக்கறாரு. நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். இரண்டு வண்டிகளை நிறுத்திப் பார்த்ததிலிருந்து தொடங்கி, தயிர்சாதம்வரை. அக்கா போனில் கேட்டதை அவள் கேட்டபடியே சொன்னேன். மேல குடை இருக்குமில்ல. நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அதற்கு ஆமாம் என்றுதான் பொருள் என்றும், தெரிந்தேதான் சொன்னேன் என்றும் சொன்னேன். உங்கம்மா தப்பு இல்லடா, ஒரு நாளும் இல்ல என்றேன். இடையில் மெஷின் ஓசை நின்றுவிட்டது.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவன் கடையைத் தாண்டிப் போனது.

“ம்” என்றான் பாபு.